படியில் உட்கார்ந்தவனும் குழியில் நின்றவனும்

1

பழைய கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர் யாராக இருந்தாலும் திரும்பி வரும்போது ராஜாவாகத்தான் வருகிறார். தஞ்சாவூர் போனால் ராஜராஜன். மாமல்லபுரம் போனால் பல்லவன். ரோமுக்குப் போனால் சீசர். நம்முடைய பயணக்கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். வாரப் பத்திரிகைகளில் ஐரோப்பியப் பயணம் தொடர்கதை மாதிரி வந்த காலம் ஒன்று உண்டு. இத்தாலிக்குப் போனவர் கொலோசியத்தை விட்டுவைக்க மாட்டார். எவ்வளவு பெரிய கட்டடம், எத்தனை ஆயிரம் பேர் உட்காரலாம், அந்தக் காலத்திலேயே எப்படிக் கட்டினான், அடப்பாவமே மனுசனை மிருகத்துக்கு முன்னால விட்டானே. வியப்பு முக்கால் பங்கு, இரக்கம் கால் பங்கு. பிறகு அடுத்த ஊர், அடுத்த ஹோட்டல், சைவச் சாப்பாடு கிடைத்ததா இல்லையா.

இந்த எழுத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். எழுதுகிறவர் எங்கே நின்று பார்க்கிறார்? மேலே, படியில் நின்று கீழே பார்க்கிறார். கீழே மணலில் நின்றுகொண்டு மேலே உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்து எழுதிய ஒரு தமிழ்ப் பயணக்கட்டுரையை நான் படித்ததில்லை. இது ஏதோ கேமரா வைக்கிற கோணம் பற்றிய விசயம் அல்ல. பார்வை என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. நிற்கிற இடம் என்பது நம்ம நாட்டில் சாதியைப் பொறுத்தது.

நான் ரோமுக்குப் போனதில்லை. ஆனால் ‘ரோமானிய பாணி ஆம்பிதியேட்டர்’ என்று சொல்லிக் காட்டப்படுகிற ஒரு இடத்துக்கு டூரிஸ்டாகப் போய் வந்தேன். நடுவில் ஆடுகளம், சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள். அதுதான் ஆம்பிதியேட்டர். அந்த இடத்தையும் அதைப் பற்றிப் பேசப்படுகிற பேச்சையும் சேர்த்து ஒரு பிரதியாக வாசிப்பதுதான் இந்தக் கட்டுரை. நான் தாமிரபரணியின் தென்கரையில் கல்லிடைக்குறிச்சிக்காரன். அதனால் வாசிப்பு ஆந்திராவில் தொடங்கினாலும் எங்க ஊர்ப் படித்துறையில் வந்துதான் நிற்கும். அங்கிருந்து நம்முடைய இலக்கியத்துக்கும் வரும்.

2

கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய பல்நாடு மாவட்டத்தில், அனுப்பு என்று ஓர் இடம். 2022 வரை அது குண்டூர் மாவட்டம். விஜயவாடாவில் என் தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில், மாச்சர்லா வழியாக ஒரு வேன் பிடித்துக் குடும்பத்தோடு போனோம். கூட எங்க மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. ஐம்பது வருசம் கொத்தனார் வேலை பார்த்தவர்.

இடத்தின் கதை இது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் இட்சுவாகு அரசர்களின் தலைநகரான விஜயபுரி நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கில் இருந்தது. 1926இல் அதன் இடிபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. லாங்ஹர்ஸ்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1927 முதல் 1931 வரை தோண்டினார். பிறகு நாகார்ஜுனசாகர் அணை வந்தது. 1955 டிசம்பர் 10இல் நேரு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீருக்குள் போகப்போகிறது என்பதால் 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் அவசர அவசரமாகப் பெரிய அகழாய்வு நடந்தது. கிடைத்த கட்டடங்களில் சிலவற்றைப் பிரித்து எடுத்து, இப்போது தீவாக நிற்கிற மலை உச்சியிலும், கரையில் அனுப்புவிலும் திரும்பக் கட்டினார்கள். அந்த ஆம்பிதியேட்டர் அனுப்புவுக்கு வந்தது இப்படித்தான். நடுக்களம் ஏறத்தாழ 54 அடிக்கு 45 அடி. செவ்வகம். நாலு பக்கமும் கல் பாவிய படிகள்.

வழிகாட்டி நடுவில் நின்று கையைத் தட்டினார். சத்தம் மேல் படிவரை தெளிவாகக் கேட்டது. “பாத்தீங்களா, மைக் இல்லாத காலம். ரோமன் டெக்னாலஜி” என்றார். வந்தவர்கள் எல்லோரும் மேலே ஏறிப் படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை மட்டும் கீழே இறக்கிவிட்டு “ஆடு, ஆடு” என்றார்கள். மாமா மட்டும் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருமகனே, இது அன்னைக்கு வச்ச வரிசை இல்ல. பிரிச்சி அடுக்குனதுல்லா. பிரிக்கணும்னா ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டுத்தாம் எடுத்திருப்பான். எது எங்கன இருந்துச்சோ அங்ஙனயே வச்சிருக்கான் பாரு.”

அப்புறம் அவரே சொன்னார்: “எங்கம்மை மணிமுத்தாறு அணைக்கு மண்ணு சொமந்தா. அவளுக்கு எங்கயும் நம்பர் கெடையாது.”

மணிமுத்தாறு அணை எங்க ஊரிலிருந்து கூப்பிடு தூரம். 1958இல் கட்டி முடித்தது. அணை கட்டியவர்கள் பெயர்ப்பலகையில் இல்லை என்பது புதுச் செய்தி இல்லை. மாமாவின் பேச்சில் எனக்குப் பட்டது வேறு. நாகார்ஜுனசாகரில் தண்ணீர் ஏறியபோது கல்லுக்கு மறுவாழ்வுத் திட்டம் இருந்தது. எது எந்தப் படி, எந்த மூலை என்று கணக்கு வைத்து, அதே வரிசையில் குடியமர்த்தினார்கள். வேலி போட்டு, பலகை வைத்துக் காவலும் போட்டார்கள். கல்லைக் காப்பாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு அரசு எதைக் கணக்கெடுக்கிறது, எதைக் கணக்கெடுக்க மறக்கிறது என்பதை அந்த வரிசை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

இனி அந்த ‘ரோமன்’ என்ற சொல். ரோமின் ஆம்பிதியேட்டர் முட்டை வடிவம். இது செவ்வகம். நாகார்ஜுனகொண்டாவில் ரோமானியத் தங்கக்காசு கிடைத்திருக்கிறது, வணிகத் தொடர்பு இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் காசு வந்ததால் கட்டடமும் வந்தது என்று ஆகாது. இங்கே என்ன நடந்தது என்பது பற்றியும் கூத்து, மல்யுத்தம், வாதம் என்று ஆய்வாளர்கள் பலவிதமாக ஊகிக்கிறார்கள். பிறகு ஏன் ரோம்? ரோம் என்று சொன்னவுடன் பெருமை வருகிறது. கேள்வி போய்விடுகிறது. அவன் அளவுக்கு நாமும் இருந்தோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. யார் எந்தப் படியில் உட்கார்ந்தான், யார் உள்ளேயே வர முடியாமல் நின்றான், நடுவில் நின்று ஆடியவன் ஆட்டம் முடிந்து எங்கே போய்ச் சாப்பிட்டான் என்று யாரும் கேட்பதில்லை.

பௌத்தத் தலம்தானே, அங்கே ஏன் சாதியைத் தேடுகிறாய் என்று நம்ம தோழர்களிலேயே சிலர் கேட்கலாம். விஜயபுரியின் முதல் அரசன் சாந்தமூலன் அசுவமேத யாகம் செய்தவன். அரச குடும்பத்துப் பெண்கள் பௌத்த விகாரைகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அவன் தங்கை சாந்திஸ்ரீயின் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. யாகக்குதிரையும் போதிமரமும் ஒரே வீட்டில் இருந்த ஊர் அது. பொற்காலம் தேடிப் போகிறவன் அங்கேயும் ராஜாவாகத்தான் திரும்பி வருவான், பௌத்த ராஜாவாக.

3

ரோம் என்றே பேசுவதானால் ரோமை முழுசாகப் பேசவேண்டும். கொலோசியத்தை வெஸ்பாசியன் தொடங்கினான். அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்தான். கி.பி. 70இல் ஜெருசலேமை அழித்துக் கொள்ளையடித்த பணம் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. திறப்பு விழா 100 நாள் நடந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 50,000 பேர் பார்க்கலாம்.

இதையெல்லாம் வழிகாட்டிகள் சொல்வார்கள். இருக்கை வரிசையை அதன் அரசியலோடு சொல்கிறவர் குறைவு. களத்துக்குப் பக்கத்தில் முதல் வரிசை பேரரசனுக்கும் செனட்டர்களுக்கும். செனட்டர்கள் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்கள். அடுத்து குதிரைவீரர் வகுப்பு. அதற்கும் மேலே சாதாரணக் குடிமக்கள். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், மரப்பலகையில், பெண்களும் பரம ஏழைகளும். யார் எங்கே உட்காரவேண்டும் என்று அகஸ்டஸ் காலத்திலேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆக, ஆம்பிதியேட்டர் என்பது சண்டை காட்டுகிற இடம் மட்டும் இல்லை. ஒரு சமூகம் தன்னையே வரிசைப்படுத்தி உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொள்கிற இடம். மணலில் ரத்தம் சிந்துவது அந்த வரிசையை மறக்கடிக்கவும் உதவும், ஞாபகப்படுத்தவும் உதவும். உச்சிப் பலகையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதல் கிடைக்கிறது.

அந்தக் கீழே இருப்பவன் யார்? போரில் பிடிபட்டவன், அடிமை, தண்டனை பெற்றவன். கூலிக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துத் தானாக வந்தவனும் உண்டு. கூட்டம் அவன் பெயரைக் கத்தும். சுவரில் கிறுக்கி வைக்கும். ஆனால் சட்டத்தில் அவன் மானமில்லாதவன். பதவிக்கு வர முடியாது. நல்ல குடும்பத்தான் அவனோடு சமமாகச் சேர முடியாது. கைதட்டலும் உண்டு, தீட்டும் உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு ரோம் அந்நியமாகத் தெரியவில்லை. எங்க பக்கத்தில் பறை இல்லாமல் கொடை இல்லை, சாவு இல்லை. அடிக்கிற வரைக்கும் “அடிச்சி நொறுக்குலே” என்பார்கள். அடித்து முடித்தவனுக்குத் தண்ணீர் தூக்கித்தான் ஊற்றுவார்கள். சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து நடக்கும். சில கோயில்களில் கணியான் தன் கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கிற ‘கைவெட்டு’ என்ற சடங்கு உண்டு. ரத்தம் அவன் ரத்தம். பலன் கொடை கொடுத்த ஊருக்கு. இதையும் நம்ம நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் கலை என்றும் மரபு என்றும் எழுதுகிறார்கள். கலைதான், மறுக்கவில்லை. யாருடைய உடம்பு, யாருடைய வேண்டுதல் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதினால் என்ன?

4

ரோமை நமக்காக முதலில் வாசித்தவர் அம்பேத்கர். இதை நம்முடைய விமர்சகர்கள் போதுமான அளவு எடுத்துப் பேசவில்லை என்பது என் குறை. 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ உரையில் ரோமின் பிளபியர்களைப் பற்றி வருகிறது. ஏழைப் பிளபியர்களுக்கும் கான்சல் பதவி கிடைத்தது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தெய்வம் ஏற்கவேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. தெய்வத்தின் வாய் பூசாரியிடம். பூசாரி பெட்ரீசியன். ஆகவே பிளபியர்களுக்கு உண்மையாக உழைக்கக்கூடியவன் எவனும் அந்த நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. அரசியல் உரிமை கைக்கு வந்தாலும் மதம் அதைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதற்கு அவர் ரோமைச் சாட்சிக்கு அழைக்கிறார். தனித்தொகுதியில் ஜெயித்துவிட்டு யார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்கவேண்டியிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு இடத்தில், அவர் இறந்தபின் அச்சான கையெழுத்துப் பிரதிகளில், ரோமானிய அடிமைமுறையையும் தீண்டாமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மோசம் என்று கேட்கிறார். ரோமில் அடிமை ஆசிரியனாக இருந்தான், மருத்துவனாக இருந்தான், நூலகம் பார்த்தான், கணக்கு எழுதினான். விடுதலையும் பெறலாம். சட்டம் அடிமைமுறையை அனுமதித்தது, கட்டாயமாக்கவில்லை. தீண்டாமை அப்படி இல்லை, கட்டாயம். ஒருவன் விரும்பினாலும் விட முடியாதபடி மதம் அதைக் கடமையாக்கி வைத்திருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு ரோம் நல்ல ஊர் என்று சொல்லக் கிளம்பக்கூடாது. மணலில் செத்தவனுக்கு நூலகம் பார்த்த அடிமையால் என்ன ஆறுதல்? கி.மு. 73இல் காப்புவா பயிற்சிக்கூடத்திலிருந்து தப்பித்த ஸ்பார்ட்டகஸின் படை தோற்றபோது 6,000 பேரைச் சாலை ஓரமாகச் சிலுவையில் அறைந்த ஊர் அது. அம்பேத்கர் ரோமுக்கு நற்சான்று கொடுக்கவில்லை. வெளியே போகும் கதவு இருக்கிறதா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். ரோமில் சண்டைக்காரன் விடுதலையானால் கையில் ஒரு மரவாளைக் கொடுப்பார்கள். இனி நீ ஆடவேண்டாம் என்பதற்கு அது அடையாளம். நம்ம சாதியில் அந்த மரவாள் எது? படிப்பா? பதவியா? மதமாற்றமா? ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டோம். ஊருக்குத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் “யாரு, இன்னார் மகனாலே?” என்ற கேள்விக்கு எந்த மரவாளும் உதவவில்லை.

1920இல் ‘மூக்நாயக்’ முதல் இதழில் அவர் இந்து சமூகத்தைப் பல அடுக்குக் கோபுரமாகப் பார்க்கிறார். மாடிக்கு மாடி போகப் படிக்கட்டே கிடையாது. அனுப்புவில் எத்தனையோ படிகள் பார்த்தேன். ஏறிப் போகிற படியும் அங்கே உண்டு. ஆனால் பெரும்பாலானவை அவனவன் இடத்தில் அவனவனை உட்காரவைக்கிற படிகள். படி என்ற சொல்லுக்கு எங்க வீடுகளில் இன்னொரு பொருளும் உண்டு. கூலி நெல் அளந்து போட்ட படி. அதிலும் தலை தட்டித்தான் அளந்தார்கள்.

5

அனுப்பு இருந்த அதே பழைய குண்டூர் மாவட்டத்தில் சுண்டூர் என்று ஒரு ஊர். டூரிஸ்ட் வேன் அங்கே போகாது. 1991 ஜூலையில் அந்த ஊரில் ஒரு சினிமா தியேட்டரில் தலித் இளைஞர் ஒருவரின் கால் ஆதிக்க சாதிக்காரர் ஒருவர்மேல் பட்டது. இருக்கைப் பிரச்சனை. அதில் தொடங்கியது. தலித்துகளுக்கு ஊரில் வேலை மறுக்கப்பட்டது. ஆகஸ்ட் 6ஆம் தேதி 8 தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். உடல்களைச் சாக்கில் கட்டி வடிகால் வாய்க்காலில் போட்டார்கள். 2007இல் சிறப்பு நீதிமன்றம் 21 பேருக்கு ஆயுள் தண்டனையும் 35 பேருக்கு ஓராண்டுத் தண்டனையும் கொடுத்தது. 2014இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது.

நான் இரண்டையும் சேர்த்துத்தான் வாசிப்பேன். 1,700 வருசத்துக்கு முந்திய கல் தியேட்டர் ஒன்று, 1991இல் நாற்காலி போட்ட சினிமா தியேட்டர் ஒன்று. ஒன்றில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நமக்குத் தெரியாது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். மற்றதில் தெரியும். ஒரு டிக்கெட்டை எல்லோரும் ஒரே விலைக்கு வாங்கலாம் என்ற நிலைமை வந்ததுதான் அங்கே தாங்க முடியாத விசயம். அகஸ்டஸ் சட்டம் எழுதி வைத்ததை இவர்கள் அரிவாளால் எழுதினார்கள். பழைய கல்லைப் பார்த்து ‘ஓசை நன்றாகக் கேட்கிறது’ என்று எழுதுகிறவர்களுக்குப் பக்கத்து ஊர்ச் சத்தம் தூரம் தாண்டிக் கேட்காது. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு கட்டடக்கலை இருக்கிறது.

எங்க பக்கத்து டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று இருந்தது. ரோமில் ஏழை உச்சியில், இங்கே ஏழை திரைக்கு முன்னால் மண்தரையில். காசுதான் கணக்கு என்று சொல்வார்கள். காசு இருந்தும் சேரில் போய் உட்காரத் தயங்கிய எங்க அப்பா தலைமுறையைக் கேட்டால் அது காசுக்கணக்கு மட்டும் இல்லை என்று சொல்லும்.

6

இப்போது படித்துறைக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அப்பளம் ஞாபகம் வரும். அக்கிரகாரம் ஞாபகம் வரும். கச்சேரி கேட்கிறவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் பாடிய வராகப் பெருமாள் கோயில் ஞாபகம் வரும். ஆற்றுக்கு இறங்குகிற கல்படியைப் படம் பிடிக்காத டூரிஸ்ட் இல்லை. அந்தப் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் அதுவும் ஒரு ஆம்பிதியேட்டர்தான். மேற்கே மலை, கீழே ஆறு, படிப்படியாகக் கல்.

தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மேல்பக்கம் யார் குளிப்பது, கீழ்ப்பக்கம் யார் குளிப்பது என்பதை ஆற்றின் ஓட்டமே தீர்மானித்தது மாதிரி வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கல்படி கிடையாது. சரிவில், மண்ணில், மாடு இறங்குகிற பாதை. எங்க ஆச்சி “அவுக அழுக்கு நமக்கு வரலாம், நம்ம அழுக்கு அவுகளுக்குப் போவக்கூடாது, அதாம்லே கணக்கு” என்பாள். தாமிரபரணி பற்றி எவ்வளவோ தலபுராணம், எவ்வளவோ கவிதை, எவ்வளவோ நினைவோடை எழுதிவிட்டார்கள். எல்லாம் படியில் உட்கார்ந்து எழுதியது. ஆச்சி சொன்ன இந்த ஒரு வரிக்கு அந்த இலக்கியத்தில் இடம் இல்லை. ஏனென்றால் அது கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே பார்த்துச் சொன்னது.

எங்க ஊர் விசயம் இன்னொன்று. குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982இல் திருடுபோனார். 2001 முதல் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில், ஒரு கலைக்கூடத்தில் இருந்தார். 2019இல் ஊருக்குத் திரும்பினார். திருட்டு திருட்டுதான், திரும்பி வந்தது சரிதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினெட்டு வருசம் அவர் முன்னால் எவன் வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். இங்கே நாம் கோயிலுக்குள் நுழையவே 1939இலும் 1947இலும் சட்டம் போடவேண்டியிருந்தது. நுழைந்த பிறகும் யார் எதுவரை போகலாம் என்ற கோடுகள் கல்லில் இருக்கின்றன. ஆடுகிற சாமியைப் பார்ப்பதற்கும் வரிசை உண்டு. மியூசியத்தில் சாமி வெறும் சிலையாகிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள், அங்கே பார்க்கிறவன் வெறும் மனுசனாகிவிட்டான் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

7

கொக்கிரகுளத்தில் சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. 1843இல் திறந்தது. லண்டன் வாட்டர்லூ பாலம் மாதிரி என்று திருநெல்வேலிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அனுப்புவுக்கு ரோம், எங்களுக்கு லண்டன். பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் கலெக்டர் ஆபீஸ்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் கிடந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஓட வழியில்லாமல் சனங்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். தண்ணீருக்குள் நின்றவர்களையும் அடித்தார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் பெண்களும் உண்டு, ஒரு சிறு குழந்தையும் உண்டு. கரை மேடு, ஆறு பள்ளம். மேட்டில் தடி, பள்ளத்தில் சனம். இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. அந்த இடத்தின் நில அமைப்பே அதுதான்.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருசக் குத்தகைக்கு எடுத்த காடு மாஞ்சோலை. தேயிலை போட எங்க சனங்களைத்தான் மலைக்கு ஏற்றினார்கள். 2024இல் கம்பெனி வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று சொல்லி அவர்களை மலையை விட்டு இறக்கிவிட்டது. இப்போது மாஞ்சோலை என்றால் பனிமூட்டம், காட்சிமுனை, டூரிஸ்ட் போட்டோ. அங்கே போகிறவர்கள் லயன் வீடுகளையும் ‘பழங்கால அழகு’ என்று படம் பிடிக்கிற நாள் தூரத்தில் இல்லை.

ரோமில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. உலகில் எங்காவது ஒரு மரண தண்டனை ரத்தானால், ஒரு நாடு அந்தத் தண்டனையை ஒழித்தால், கொலோசியத்துக்கு விளக்குப் போடுகிறார்கள். 1999 கடைசியில் தொடங்கியது. தாமிரபரணியில் 17 பேர் செத்த அதே வருசம். அந்தக் கல் தன் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் பழகுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒவ்வொரு ஜூலை 23ஆம் தேதியும் நம்ம சனங்களே போய் ஆற்றில் பூப்போட்டுவிட்டு வருகிறார்கள். போட்டது நாம்தான். படியில் இருந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

8

இதுவரை மற்றவர்கள் எழுத்தைச் சொன்னேன். நம்ம எழுத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதற்குப் பின் தன்வரலாறும் சாட்சியமும் நமக்குப் பெரிய ஆயுதமாகிவிட்டன. நல்லது. ஆனால் அவற்றுக்கு வெளியே வருகிற மதிப்புரைகளைக் கவனியுங்கள். ‘வலி’, ‘ரத்தமும் சதையும்’, ‘நெஞ்சை உலுக்குகிறது’, ‘கண்ணீர் வரவழைக்கிறது’. கொலோசியத்துப் பயணக்கட்டுரையின் அதே அளவு: வியப்பு முக்கால், இரக்கம் கால். படியில் உட்கார்ந்தே படிக்கிறார்கள். படித்து முடித்து அடுத்த புத்தகம், அடுத்த ஊர். நாம் எழுதுகிற காயம் அவர்களுக்கு ஒரு காட்சியாகிவிடுகிறது. இன்னும் ஒரு காயம் காட்டு என்று பதிப்பகமும் கேட்கிறது, பல்கலைக்கழகமும் கேட்கிறது. கைவெட்டுச் சடங்கு எழுத்திலும் தொடரலாமா?

சாட்சியம் எழுதுவதை நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘கிளாடியேட்டர்’ படம் 2000இல் வந்தபோது கைதட்டிப் பார்த்தோம். அதில் களத்தில் இறங்குகிறவன் அடிமையாகப் பிறந்தவன் இல்லை, ரோமின் தளபதி. அடிமையாகப் பிறந்தவனுடைய கோபம் அவர்களுக்குக் கதையாகப் போதவில்லை. 1951இல் ஹோவர்ட் ஃபாஸ்ட் எழுதிய ‘ஸ்பார்ட்டகஸ்’ நாவலில் குழியில் நின்றவன் கதை இருக்கிறது. அதோடு அவனைப் பற்றிப் பேசிக்கொண்டு பயணம் போகிற பணக்கார ரோமானியர்களின் விருந்தும் பேச்சும் பயமும் இருக்கிறது. பார்க்கிறவனும் அங்கே பார்க்கப்படுகிறான். எனக்கு அதுதான் பாடமாகப் படுகிறது. நம்ம எழுத்து உடம்பில் பட்ட அடியைச் சொல்கிறது. அடிக்கும்போது சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொரு படியாகச் சொல்கிறதா? முதல் வரிசையில் யார், நடு வரிசையில் எழுந்து போகாமல் இருந்தது யார், உச்சிப் பலகையில் இருந்துகொண்டு தனக்கும் கீழே ஒருவன் இருக்கிறான் என்று சந்தோசப்பட்டது யார்? அந்த உச்சிப் பலகையில் நமக்குள்ளேயே சில சாதிகள் உட்கார்ந்து அருந்ததியரையும் புதிரை வண்ணாரையும் பார்க்கிறோமே, அதை எழுதுகிறோமா?

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் சுற்றுலா என்று எங்காவது கூட்டிப்போவார்கள். கோயில், கோட்டை, அணை, அரண்மனை, எதுவாகவும் இருக்கட்டும். வழிகாட்டி சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நாலு கேள்வி எழுதுங்கள். இந்தக் கல்லைச் சுமந்தது யார்? இதற்காக இடம்பெயர்ந்தது யார்? இதற்குள் வர முடியாமல் இருந்தது யார், எந்த வருசம் வரை? இங்கே நடந்ததை உட்கார்ந்து பார்த்தது யார்? பதில் கல்வெட்டில் இருக்காது. பக்கத்துச் சேரியில் ஒரு கிழவியிடம் இருக்கலாம், பழைய கூலிக் கணக்கு நோட்டில் இருக்கலாம், கோர்ட்டுத் தீர்ப்பில் இருக்கலாம். போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி இந்த மாதிரி இதழ்களுக்கு அனுப்புங்கள். அழகாக இருக்கவேண்டாம். எந்தப் படியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்.